விரலுக்கும் பொறுப்பு உண்டு

ட்ரீம்காஸ்ட், பிளேஸ்டேஷன் 2, கேம்கியூப், எக்ஸ்பாக்ஸ் ஆகிய நான்கு கன்சோல்களையும் ஒரே தலைமுறையாக வைத்துப் பேசுவது வீடியோ கேம் ரசிகர்களின் வழக்கம். 1998 இறுதியில் தொடங்கிய அந்தத் தலைமுறையில் மற்ற மூன்றையும் கூட்டினாலும் நெருங்க முடியாத உயரத்தில் பிளேஸ்டேஷன் 2 இருந்தது. 2000 மார்ச்சில் ஜப்பானில் வெளியான அந்தக் கருவி, உற்பத்தி நிற்பதற்குள் 15 கோடிக்கும் மேல் விற்றது. அக்காலத்தின் சிறந்த கேம்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அவற்றின் முப்பரிமாணக் காட்சிகளையும், ஒரு நகரம் முழுவதும் சுற்றித் திரியக் கிடைத்த சுதந்திரத்தையும் சொல்வார்கள். இரண்டும் உண்மை. ஆனால், அந்தக் காட்சிகள் இன்று பழையவை. அந்த நகரங்களைவிடப் பெரிய நகரங்கள் எப்போதோ வந்துவிட்டன. அதற்குப் பிறகும் அந்த கேம்களில் சில மனதை விட்டு அகலாததற்குக் காரணம் வேறு. பட்டனை அழுத்தும் விரலுக்கும் ஒரு பொறுப்பு உண்டு என்பதைச் சொல்லாமல் உணரவைத்தவை அவை. சினிமாவாலும் நாவலாலும் செய்ய முடியாத ஒன்றை வீடியோ கேம் கண்டுபிடித்த காலம் அது என்றே நான் கருதுகிறேன்.

இதற்கு ஆக வலுவான சான்று, ஃபுமிட்டோ உவேடா என்ற ஜப்பானியர் இயக்கிய இரண்டு கேம்கள். 2001-இல் வந்த ‘ஐகோ’வில், தலையில் கொம்புகளோடு பிறந்ததற்காகக் கோட்டையில் அடைக்கப்பட்ட சிறுவன், அங்கே கூண்டில் கிடக்கும் யோர்டா என்ற பெண்ணோடு தப்பிக்க முயல்கிறான். இருவருக்கும் பொதுமொழி கிடையாது. திரையில் உயிரளவு காட்டும் கோடும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. ஆர்1 பட்டனை அழுத்திப் பிடித்தால் சிறுவன் அவள் கையைப் பற்றிக்கொள்வான்; விட்டால் கை நழுவும். அவன் ஓடும்போது அவள் பின்னால் இழுபடுவது, கன்ட்ரோலரின் அதிர்வாக நம் உள்ளங்கைக்கு வரும். அவளைத் தனியே விட்டுச் சென்றால் நிழலுருவங்கள் வந்து தூக்கிக்கொண்டு போய்விடும். ஆகவே, மணிக்கணக்கில் அந்தப் பட்டனை விடாமல் பிடித்திருக்க விரல் பழகிவிடுகிறது. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அதே குழு ‘ஷேடோ ஆஃப் த கொலோசஸ்’ கேமைக் கொண்டுவந்தது. இறந்துபோன ஒரு பெண்ணை உயிர்ப்பிக்க வேண்டுமானால் 16 மாபெரும் உயிர்களைக் கொல்ல வேண்டும் என்கிறது ஒரு குரல். வாண்டர் என்ற இளைஞன் குதிரையேறிப் புறப்படுகிறான். இங்கும் அதே ஆர்1தான். ஆனால், இந்தமுறை அந்தப் பட்டன் பற்றுவது, கொல்லப்படவிருக்கும் உயிரின் ரோமத்தை. காப்பாற்றப் பழகிய அதே விரல்தான் கொல்வதற்கும் பயன்படுகிறது.

அந்த விரிந்த நிலப்பரப்பில் ஊர் இல்லை, வேறு எதிரிகளும் இல்லை; வழியில் யோசிப்பதற்கு நேரம் மட்டும் இருக்கிறது. 13-ஆவது உயிர் மணலுக்குள்ளிருந்து எழுந்து வானில் நீந்தும் ஒரு நீண்ட பறவைப் பாம்பு. அது நம்மைத் தாக்குவதே இல்லை. துரத்திப் போய், ஏறி, குத்துவது நாம்தான். ஒவ்வோர் உயிரும் சாயும்போது கோவ் ஓட்டானியின் இசை வெற்றி முரசு கொட்டாமல் துக்கத்தில் தோய்கிறது. ஒவ்வொரு கொலைக்குப் பிறகும் வாண்டரின் முகம் வெளிறிக்கொண்டே போகிறது. ‘நீ செய்தது தவறு’ என்று வழிநெடுக யாரும் நம்மைக் கடிந்துகொள்வதில்லை. இதே கதையைத் திரைப்படமாக எடுத்திருந்தால் வாண்டருக்காக நாம் இரங்கியிருப்போம், அவ்வளவுதான். இங்கே, குத்தும் தருணத்தைத் தேர்ந்தெடுத்தது நம் விரல் என்பதால், இரக்கத்தோடு குற்றவுணர்வும் கலந்துவிடுகிறது.

இது உவேடாவின் தனித் திறமை மட்டும் என்றால், ஒரு தலைமுறையையே முன்னிறுத்தி வாதிட முடியாது. ஆனால், மற்றவர்களும் இதைச் செய்தார்கள். ஹிடியோ கோஜிமாவின் ‘மெட்டல் கியர் சாலிட் 3’ (2004) ஒரு பனிப்போர் உளவுக் கதை. அதன் நடுவே ஓர் ஆற்றில் நடந்து போக வேண்டியிருக்கிறது. அதுவரை நாம் கொன்றவர்கள் எதிரே ஒவ்வொருவராக வருகிறார்கள். கொலையைத் தவிர்த்து விளையாடியவருக்கு ஆறு சீக்கிரம் கடந்துவிடும்; இஷ்டத்துக்குச் சுட்டவருக்கு ஊர்வலம் நீண்டுகொண்டே போகும். முடிவில், வெள்ளைப் பூக்கள் நிறைந்த வெளியில், தன்னை உருவாக்கிய ஆசானை நாயகன் சுட்டாக வேண்டும். காட்சி அங்கே வந்து நின்றுவிடுகிறது. நாம் பட்டனை அழுத்தும்வரை அது காத்திருக்கிறது. ‘சைலன்ட் ஹில் 2’ (2001) இன்னும் நுட்பமானது. மூன்று ஆண்டுகளுக்கு முன் இறந்த மனைவியிடமிருந்து கடிதம் வந்ததாக நம்பி மூடுபனி ஊருக்கு வரும் ஒருவனின் முடிவை, நாம் அறியாமல் செய்த சிறு காரியங்களே தீர்மானிக்கின்றன: காயத்துக்கு உடனே மருந்து எடுத்தோமா, நலிந்த உடலோடு அலைந்தோமா, ஒரு பெண் கொடுத்துவிட்டுப் போன கத்தியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தோமா என்று கேம் ஓசையின்றிக் கணக்கு வைத்துக்கொள்கிறது. அவன் வாழ விரும்புகிறானா என்ற கேள்விக்கு நம் நடத்தையே பதிலாகிறது.

‘ஷேடோ ஆஃப் த கொலோசஸ்’ வெளியான 2005-லேயே அமெரிக்கத் திரை விமர்சகர் ரோஜர் ஈபர்ட், வீடியோ கேம் கலையாக முடியாது என்று வாதிட்டார். கலைக்குப் படைப்பாளியின் கட்டுப்பாடு தேவை; விளையாடுபவரின் தேர்வு அதற்கு நேர் எதிரானது என்பது அவருடைய தர்க்கம். 2010-இல், விளையாடிப் பார்க்காமல் அந்தக் கருத்தைச் சொல்லியிருக்கக் கூடாது என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும், அந்தத் தர்க்கம் அக்கறையோடு எதிர்கொள்ளத் தக்கது. மேலே சொன்ன கேம்களில் படைப்பாளியின் கட்டுப்பாடு எங்கும் தளரவில்லை. ஆசானைச் சுடாமல் கதை நகராது. 16 உயிர்களில் ஒன்றையும் மிச்சம் வைக்க முடியாது. நமக்கு விடப்பட்டிருப்பது செயலை நிறைவேற்றும் பொறுப்பு. அந்தப் பொறுப்பை எவ்வளவு இறுக்கமாக நம் கையில் வைப்பது என்பதைத் தீர்மானிப்பதில்தான் படைப்பாளியின் திறமை இருக்கிறது.

உடனே எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வரும். வேறு வழியே தராமல் கொல்லவைத்துவிட்டு, பிறகு குற்றவுணர்வைத் தலையில் கட்டுவது நியாயமா? இந்த ஆட்சேபத்தில் வலு இருக்கிறது. பின்னாளில் வந்த சில கேம்கள், ஆட வந்தவரை வலிந்து குற்றவாளியாக்கி உபதேசம் செய்ததையும் மறுக்க முடியாது. ஆனால், ‘ஷேடோ’வில் நம்மைத் தள்ளிக்கொண்டு போவது நம்முடைய ஆசைதான். அடுத்த உயிர் எப்படி இருக்கும், அதன் மீது எப்படி ஏறுவது என்ற ஆர்வம் ஒவ்வொரு முறையும் தயக்கத்தை வென்றுவிடுகிறது. தவறு என்று தெரிந்தும் தொடங்கியதை முடித்துவிடத் துடிக்கும் மனத்தை, அது இயங்கிக்கொண்டிருக்கும்போதே நமக்குக் காட்டுவது சிறிய சாதனையன்று.

இன்னோர் ஆட்சேபமும் உண்டு. பிளேஸ்டேஷன் 2-இல் மிக அதிகம் விற்றது ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்’. 2001-இல் வந்த அத்தொடரின் மூன்றாம் பாகம்தான் பிறகு வந்த திறந்தவெளி கேம்களுக்கெல்லாம் இலக்கணம் வகுத்தது. அவற்றை விட்டுவிட்டு, அதிகம் விற்காத ‘ஐகோ’வை முன்னிறுத்துவது சிறு குழுவின் ரசனை என்று சொல்லலாம். தொழில்மீதான தாக்கத்தை அளந்தால் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’வே முதலிடம் பெறும். ஆனால், காருக்கு வேறு வண்ணம் பூசினால் போலீஸ் துரத்தலே மறைந்துபோகும் நகரம் அது. செய்ததன் பாரம் அங்கே யார்மீதும் தங்குவதில்லை. ‘இதெல்லாம் பதின்வயது ஏக்கம்’ என்ற ஆட்சேபத்துக்கு, 2018-இல் ‘ஷேடோ’வும் 2024-இல் ‘சைலன்ட் ஹில் 2’-உம் புதிதாக உருவாக்கப்பட்டபோது புதிய தலைமுறையினரிடமும் கிடைத்த வரவேற்பே போதுமான பதில்.

இவை அந்தக் காலத்தில் பிறந்தது தற்செயலன்று. ஒரு கை இன்னொரு கையைப் பற்றும் எடையைத் திரையில் காட்டும் அளவுக்குக் கருவி வளர்ந்திருந்தது. செலவு கையை மீறியிருக்கவில்லை. முதல் பிளேஸ்டேஷனுக்காக 1997-இல் தொடங்கிய ‘ஐகோ’, அதில் இயங்காமல் அடுத்த கருவிக்கு மாற்றப்பட்டது. பிறகு அந்தச் சமநிலை நீடிக்கவில்லை: ‘ஐகோ’வுக்கும் ‘ஷேடோ’வுக்கும் இடையே நான்கு ஆண்டுகள்தான்; உவேடாவின் மூன்றாவது கேமான ‘தி லாஸ்ட் கார்டியன்’ 2009-இல் அறிவிக்கப்பட்டு 2016-இல்தான் வந்தது.

விரலின் பொறுப்பே இவற்றின் சாரம் என்ற இந்த வாதம் சரியென்றால், பழைய கேம்களைப் பாதுகாப்பது பற்றிய கேள்வியும் மாறுகிறது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷனின் 2023 ஆய்வு கண்டறிந்தது. ‘சைலன்ட் ஹில் 2’-இன் 2012 மறுபதிப்பு முழுமையடையாத மூலநிரலிலிருந்து உருவாக்கப்பட்டதால், மூடுபனி விலகி, மறைந்திருக்க வேண்டிய அரைகுறை நிலங்களெல்லாம் வெளியே தெரிந்தன. யாரோ விளையாடிய காணொளி இணையத்தில் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள முடியாது. கன்ட்ரோலரின் அதிர்வும் காத்திருக்கும் பட்டனும் காணொளியில் இல்லை. ஆனாலும், விற்பனையில் இல்லாத பழைய கேம்களை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்தே விளையாடிப் பார்க்க நூலகங்கள் வழிசெய்யலாம் என்ற கோரிக்கையை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் நிராகரித்தது. அந்த அனுமதி மறுபடியும் கேட்கப்பட வேண்டும். மூலநிரலை நூலகங்களிடம் ஒப்படைக்கும் கடமையும் நிறுவனங்களுக்கு வகுக்கப்பட வேண்டும்.