50 வெள்ளிக்கு இரண்டு குற்றவாளிகள்

தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் போதும், ஐந்து வருடமாகத் தோட்டத்துக்கு வழி தெரியாமல் இருந்தவர்களுக்கெல்லாம் வழி தெரிந்துவிடுகிறது. செம்மண் பாதையில் கார்கள் வரிசையாக வருகின்றன. கோயில் முன்னால் பந்தல் எழும்புகிறது. அரிசி மூட்டை இறங்குகிறது. பெண்களுக்குச் சேலை, பிள்ளைகளுக்குப் புத்தகப் பை. இருட்டிய பிறகு வேறு சிலர் வருவார்கள். அவர்கள் கையில் உறை இருக்கும், உள்ளே 50 வெள்ளி இருக்கும்.

"குடுக்குறது அவன் காசு. வாங்கிக்கிட்டு நம்ம இஷ்டத்துக்கு ஓட்டுப் போட்டாப் போச்சு" என்று நம்மவர்கள் சாமர்த்தியமாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறோம். இந்தச் சாமர்த்தியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தோட்டத்து மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த நாட்டில் 1954-ஆம் ஆண்டு முதல் தேர்தல் குற்றச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. நாடாளுமன்றத் தேர்தலுக்கும் அதுதான், மாநிலச் சட்டமன்றத் தேர்தலுக்கும் அதுதான். ஓட்டுக்காகப் பணமோ பொருளோ வேலையோ கொடுப்பது, கொடுப்பதாகச் சொல்வது, இரண்டும் அதன் 10-ஆம் பிரிவின்படி லஞ்சம். இது பலருக்கும் தெரியும். அதே பிரிவு, ஓட்டுப் போடுவதற்காக வாங்கியவனையும் குற்றவாளி என்கிறது. இதுதான் தோட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. தேர்தலுக்கு முன்பே வாங்கினாலும் குற்றம். ஓட்டுப் போட்டு முடித்தபின் அதற்குக் கூலியாக வாங்கினாலும் குற்றம். ஓட்டைக் குறிவைத்துச் சாப்பாடும் குடியும் கொடுத்தால் அது 8-ஆம் பிரிவில் வருகிறது. நிரூபிக்கப்பட்டால் 2 ஆண்டு வரை சிறை, 1,000 வெள்ளியிலிருந்து 5,000 வெள்ளி வரை அபராதம். போதாததற்கு 5 ஆண்டுக்கு ஓட்டுரிமையும் போய்விடும்.

உறையை வாங்கியவன் அதன்பிறகு வாய் திறக்க முடியுமா? தண்ணீர்க் குழாய் உடைந்து கிடக்கிறது, பாலர் பள்ளிக்குக் கூரை இல்லை என்று அந்த வேட்பாளரிடம் போய் நின்றால், "அன்னைக்கே கணக்குத் தீர்ந்துடுச்சே" என்று அவர் கண்ணாலேயே சொல்லிவிடுவார். போலீசில் போய்ச் சொல்லலாம் என்றால், நாமும் வாங்கியவர்களாயிற்றே என்ற பயம் நெஞ்சைப் பிடிக்கும். கொடுப்பவருக்கு வேண்டியதும் அதுதான். ஓட்டை மட்டுமல்ல, நம் வாயையும் சேர்த்துத்தான் அவர் 50 வெள்ளிக்கு வாங்கிக்கொண்டு போகிறார்.

இந்த மாதிரிக் கேசெல்லாம் கோர்ட்டுக்குப் போகுமா என்று கேட்பவர்கள் கேமரன் மலைக்கு நடந்ததை நினைத்துப் பார்க்கட்டும். தேயிலைத் தோட்டங்களில் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளிய பூமி அது. 2018 மே 9-இல் நடந்த பொதுத்தேர்தலில் அந்த நாடாளுமன்றத் தொகுதியில் 597 ஓட்டு வித்தியாசத்தில் வெற்றி அறிவிக்கப்பட்டது. அங்குள்ள பூர்வகுடி மக்களின் கிராமத் தலைவர்களுக்கு ஓட்டுக்காகப் பணம் கொடுக்கப்பட்டதென்று வழக்குப் போனது. அதே ஆண்டு நவம்பர் 30-இல் தேர்தல் நீதிமன்றம் அந்த வெற்றி செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2019 ஜனவரி 26-இல் மறு தேர்தல் வைக்க வேண்டியதாயிற்று. அதில் வென்றவர் ஒரு பூர்வகுடியினர். அந்த இனத்திலிருந்து மக்களவைக்குப் போன முதல் மனிதர்.

பணம் போன வழியைக் கவனியுங்கள். கிராமத் தலைவர்கள் மூலமாகப் போயிருக்கிறது. தோட்டத்திலும் அப்படித்தானே? வீடு வீடாக ஏறி இறங்க வேட்பாளருக்கு ஏது நேரம்? மண்டோர், தோட்டத் தலைவர், கோயில் தலைவர், இளைஞர் மன்றத் தம்பி என்று நாலு பேரைப் பிடித்தால் போதும், லயம் முழுக்கக் கைக்குள் வந்துவிடும் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்த நாலு பேரும் சட்டத்தின் கண்ணில் வெறும் தூதர்கள் அல்ல, அவர்களும் குற்றவாளிகளே. கோயில் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை தருகிறேன், லயத்து ஓட்டு மொத்தமும் எனக்கு என்று ஒருவர் பேசினால், அது சாமி காரியமாகிவிடாது.

சாமி என்றதும் இன்னொன்று. காசைக் கொடுத்துவிட்டுச் சூடம் ஏற்றிச் சத்தியம் வாங்குகிற வழக்கம் சில இடங்களில் உண்டு. "மாத்திப் போட்டா ஆத்தா கண்ணைப் பறிச்சிடுவா" என்று வயதான அம்மாக்களை மிரட்டுவார்கள். சட்டத்தின் 9-ஆம் பிரிவு இதையும் விட்டுவைக்கவில்லை. உடம்புக்கோ பிழைப்புக்கோ கெடுதல் வரும் என்று மிரட்டுவது மட்டுமல்ல, தெய்வ தண்டனை வரும் என்று சொல்லி ஓட்டைத் திருப்புவதும் தகாத வற்புறுத்தல்தான். வீட்டைக் காலி பண்ண வைப்பேன், வேலைக்கு வராதே என்பதும் அதே கணக்கில் வரும். எவர் எதற்குப் போட்டார் என்பதைச் சாவடி அதிகாரி வெளியே சொன்னால் அவருக்கே தண்டனை உண்டு. ஆகவே "நம்பரை வெச்சுக் கண்டுபிடிச்சிடுவோம்" என்ற பூச்சாண்டிக்குப் பயப்பட வேண்டியதில்லை.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு மனக்கசப்பும் இருக்கிறது. ஏழை வாங்கும் 50 வெள்ளியைச் சட்டம் இவ்வளவு துல்லியமாகப் பார்க்கிறது. பெரிய பணத்தைப் பார்க்கும்போது அதற்குக் கண் மங்கிவிடுகிறது. நாடாளுமன்ற வேட்பாளர் 200,000 வெள்ளிக்கு மேலும், சட்டமன்ற வேட்பாளர் 100,000 வெள்ளிக்கு மேலும் செலவு செய்யக்கூடாது. முன்பு 50,000, 30,000 என்றிருந்ததை 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இப்படி உயர்த்தினார்கள். முடிவு அரசிதழில் வெளியானபின் 31 நாளுக்குள் வேட்பாளர் கணக்குக் காட்டவும் வேண்டும். ஆனால் இந்த உச்சவரம்பு வேட்பாளருக்குத்தான். கட்சி தன் பணப்பெட்டியிலிருந்து நாடு முழுக்க அள்ளி விடும் கொடிக்கும் விளம்பரத்துக்கும் பந்தலுக்கும் வரம்பு இல்லை. அந்தப் பெட்டிக்குள் பணம் போட்டது யார் என்று கேட்கவும் தனிச் சட்டம் கிடையாது. அன்றைய பிரதமரின் சொந்த வங்கிக் கணக்கில் 260 கோடி வெள்ளி வந்திருந்தது 2015-இல் அம்பலமானபோது, அது நன்கொடை என்றுதானே பதில் சொன்னார்கள்? அரசியல் நிதிச் சட்டம் வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் பேசுகிறார்கள். அடுத்த முறை பந்தலுக்கு வருகிறவரிடம், அந்தச் சட்டத்துக்கு நீங்கள் கை தூக்குவீர்களா என்று நம் பெண்கள் எழுந்து கேட்கட்டும். உறை வாங்காதவர்கள்தான் அப்படி எழுந்து கேட்க முடியும்.

1955-இல் இந்நாட்டின் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது, குடியுரிமை இல்லாததால் நம் தோட்டத்துப் பாட்டாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு ஓட்டே இல்லை. சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளி, ஒருமுறைகூட ஓட்டுச் சீட்டைக் கையில் தொடாமலே கண்மூடிய பெரியவர்கள் எத்தனை பேர்! இன்று தோட்டத்தில் நம்மவர் தொகை குறைந்து, பலர் பக்கத்துத் தாமான்களுக்குப் போய்விட்டாலும், 2021 டிசம்பர் முதல் 18 வயதான பிள்ளைகளின் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறிவிடுகிறது. முதல் ஓட்டுப் போடப் போகும் அந்தப் பிள்ளைகள் முன்னிலையில் அப்பா உறை வாங்கலாமா?

உறை நீட்டப்பட்டால் மலேசிய ஊழல் தடுப்பு ஆணையத்திலோ பக்கத்துப் போலீஸ் நிலையத்திலோ புகார் செய்யலாம். வந்தவர் யார், கார் நம்பர் என்ன, எந்த நாள், எத்தனை மணி, கூட இருந்தவர்கள் யார் என்பதை அன்றைக்கே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். தேர்தல் முடிவை எதிர்த்து மனுப் போட, அரசிதழில் முடிவு வெளியானதிலிருந்து 21 நாள்தான் அவகாசம். பொங்கல் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம், திருவிழா முடியட்டும் என்று தள்ளிப்போட்டால் அந்த 21 நாளும் ஓடியே போய்விடும்.