எடை குறைக்க ஆபரேஷன்: உடம்பு தயார், மனம் தயாரா?

தமிழ்நாட்டுப் பெண்களில் 100-க்கு 40 பேர் அளவுக்கு மீறிய எடையுடன் இருக்கிறார்கள். ஆண்களில் 100-க்கு 37 பேர். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு கூறும் கணக்கு இது. அதற்கு முந்திய ஆய்வில் இந்த எண்ணிக்கை 31, 28 என்றுதான் இருந்தது.

பஞ்சத்துக்குப் பயந்த நாடு இப்போது பருமனுக்குப் பயப்படுகிறது!

பருமன் தனியாக வருவதில்லை. சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, மூட்டு வலி, தூக்கத்தில் மூச்சடைப்பு என்று ஒரு பட்டாளத்தையே கூட்டிக்கொண்டு வருகிறது. பட்டினி கிடந்தும் நடையாய் நடந்தும் பலன் காணாதவர்கள் கடைசியில் ஆபரேஷன் மேஜையை நாடுகிறார்கள்.

2024 ஏப்ரலில் சென்னையை அடுத்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு இந்த ஆபரேஷனுக்காகச் சென்ற ஓர் இளைஞர் உயிரிழந்தார். அரசு விசாரணை நடத்தியது. "இது தேவையா?" என்ற கேள்வி வீட்டுக்கு வீடு எழுந்தது. தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் தயாராகிப் போகிறார்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஆபரேஷன் என்ன செய்கிறது?

அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர் எட்வர்டு மேசன், வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்கள் மெலிந்தே இருப்பதைக் கவனித்தார். அதை வைத்தே 1966-ல் பருமனுக்கு ஒரு ஆபரேஷனைச் செய்தார். இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து, அதை நேரே சிறுகுடலுடன் இணைக்கும் முறை அது. இன்றும் வழக்கில் இருக்கிறது. வயிற்றைப் பெரிதாகக் கிழிப்பதில்லை. சிறு துளைகள் வழியாகவே செய்துவிடுகிறார்கள்.

இன்று அதிகமாக நடப்பது வேறொரு முறை. இரைப்பையில் முக்கால் பங்கையோ அதற்குச் சற்று அதிகமாகவோ வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது ஒரு வாழைப்பழம் போன்ற குழாய். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. "பிடிக்காவிட்டால் பழையபடி ஆக்கிக்கொள்ளலாம்" என்று நினைப்பவர்கள் இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பலன் உண்டா? ஸ்வீடன் நாட்டில் 1987-ல் தொடங்கி சுமார் 4,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு மரண அபாயம், செய்துகொள்ளாதவர்களைவிட ஏறக்குறைய 100-க்கு 29 பங்கு குறைவு என்று 2007-ல் முடிவு வெளியிட்டார்கள்.

ஆபத்து உண்டா? அதுவும் உண்டு. தையல் கசியலாம்; ரத்தம் கசியலாம்; ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைக்கலாம். 2009-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றில், முதல் 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு 3 பேர். அதுவும் அனுபவம் மிக்க ஆஸ்பத்திரிகளின் கணக்கு.

யாருக்கு? யார் செலவு?

எடையைக் கிலோவில் எடுத்துக்கொண்டு, உயரத்தின் வர்க்கத்தால் (மீட்டர் கணக்கில்) வகுத்தால் வருவது பி.எம்.ஐ. எண். 165 சென்டிமீட்டர் உயரமும் 110 கிலோ எடையும் உள்ளவருக்கு அது 40-க்குச் சற்று மேல் வரும்.

இந்த எண் 35-ஐத் தாண்டினால் ஆபரேஷனைச் சிபாரிசு செய்யலாம் என்று 2022-ல் சர்வதேச நிபுணர் சங்கங்கள் கூறின. ஆசியர்களுக்கு 27.5 என்ற அளவிலேயே யோசிக்கலாம் என்றும் சொல்லின. குறைந்த பருமனிலேயே நம்மவர்களைச் சர்க்கரை வியாதி பிடித்துக்கொள்வதே இதற்குக் காரணம்.

ஆனால் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் கணக்கு வேறு. இந்திய இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விதிப்படி, எண் 40 இருக்க வேண்டும். அல்லது 35 இருந்து, இருதய நோய், கடுமையான தூக்க மூச்சடைப்பு, கட்டுக்கடங்காத சர்க்கரை வியாதி போன்ற ஒன்று இருக்க வேண்டும். வயது 18 நிறைந்திருக்க வேண்டும். மற்ற வழிகளை முயன்று தோற்றிருக்கவும் வேண்டும்.

ஆக, டாக்டர் "செய்யலாம்" என்று சொல்பவருக்கே கம்பெனி "கொடுக்க முடியாது" என்று சொல்லக்கூடும். நகையை அடகு வைத்த பிறகு இது தெரிந்து பயனில்லை. பாலிசியை முதலிலேயே படித்து, எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். பழைய வைத்தியச் சீட்டுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். ஆபரேஷன் செலவோடு ஆயுள் முழுவதும் வாங்க வேண்டிய வைட்டமின் மாத்திரைகளையும், ரத்தப் பரிசோதனைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பத்தியம் முன்பே தொடங்குகிறது

ஆபரேஷனுக்குச் சுமார் இரண்டு வாரம் முன்பே மாவுப் பொருளையும் கொழுப்பையும் குறைத்துப் பத்தியம் இருக்கச் சொல்கிறார்கள். பருத்தவர்களுக்குக் கல்லீரல் கொழுப்பேறி வீங்கி, இரைப்பையை மூடிக்கொண்டிருக்கும். பத்தியத்தால் அது சுருங்கினால்தான் டாக்டருக்கு வேலை சுலபம். திருட்டுத்தனமாகச் சாப்பிடுபவர் ஏமாற்றுவது டாக்டரை அல்ல, தம்மையேதான்!

சிகரெட், பீடியைப் பல வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். புகைத்தால் காயம் ஆறாது; குடற்புண்ணும் வரும். தினமும் நடக்க வேண்டும். மூச்சுப் பயிற்சி செய்ய வேண்டும். சாப்பிட்டு வரும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்து உள்பட, டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். பெண்கள் ஆபரேஷனுக்குப் பின் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிக்காமல் இருப்பது அவசியம்.

இட்லிக்கு இடமில்லை

பிறகு வருவதுதான் உண்மையான சோதனை. முதலில் தெளிந்த நீராகாரம். பிறகு பால், மோர். அப்புறம் மசித்த உணவு. அதன் பின் மென்மையான உணவு. பழைய உணவுக்கு வர ஒன்றரை மாதம், இரண்டு மாதம் ஆகும்.

தினம் 60 கிராம் புரதமாவது வேண்டும். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம். சின்ன வயிற்றில் இட்லியும் சோறும் முதலில் நுழைந்துவிட்டால் பருப்புக்கும் முட்டைக்கும் இடமிருக்காது. ஆகவே புரதம் முதலில், சோறு கடைசியில். நம் வீட்டு இலை தலைகீழாகிறது! சாப்பாட்டின் நடுவே தண்ணீர் குடிக்கக் கூடாது. அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். குடல் இணைப்பு செய்துகொண்டவர் இனிப்பைச் சாப்பிட்டால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம்.

இவற்றை ஆபரேஷனுக்கு முன்பே பழகிப் பார்ப்பது நல்லது. சிறு தட்டு, சிறு கவளம், நன்றாக மென்று விழுங்குதல். ஒரு மாதம் இதைச் செய்ய முடிகிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

மனத்துக்கு ஆபரேஷன் இல்லை

கவலைக்குச் சாப்பிடுபவர்கள் உண்டு. தனிமைக்குச் சாப்பிடுபவர்கள் உண்டு. கோபத்துக்குச் சாப்பிடுபவர்களும் உண்டு. டாக்டர் வெட்டுவது வயிற்றை. கவலை அப்படியே இருக்கும். உணவு என்ற துணை போய்விட்டதும் சிலர் மதுவை நாடுகிறார்கள். அதிலும் ஆபத்து அதிகம். குடல் இணைப்புக்குப் பின் மது மிக வேகமாக ரத்தத்தில் ஏறுகிறது. சிலருக்கு மனச்சோர்வும் வருகிறது. அதனால்தான் நல்ல ஆஸ்பத்திரிகள் மனநல நிபுணரிடமும் அனுப்புகின்றன. "எனக்கென்ன பைத்தியமா?" என்று சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

எதிர்பார்ப்பையும் அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்வீடன் ஆராய்ச்சியில் குடல் இணைப்பு செய்துகொண்டவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் எடையில் 100-க்கு 32 பங்கு குறைந்தார்கள். பத்தாண்டு முடிவில் அது 25 பங்காகியது. அதாவது 120 கிலோ இருந்தவர் 82-க்கு இறங்கி, மறுபடி 90-க்கு வரக்கூடும். இதைத் தோல்வி என்று எண்ணி மனம் உடைபவர்கள் உண்டு. முன்பே தெரிந்திருந்தால் 30 கிலோ குறைந்ததே பெரிய லாபம் என்று புரியும். தோல் தொங்கும், சில மாதம் முடி உதிரும். இவையும் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டார் பொறுப்பு

"இன்னும் ஒன்றே ஒன்று" என்று இலையில் வைப்பது நம் நாட்டு அன்பு. ஆபரேஷன் செய்தவருக்கு அந்த அன்பே வாந்தியாக முடியும். வீட்டில் சமைப்பவரும் டாக்டரிடம் உடன் போய்ப் பத்தியத்தைக் கேட்டு வர வேண்டும். "குண்டு" என்று கேலி செய்த உறவினர்கள், பிறகு "ஏன் இப்படி வற்றிப்போனாய்?" என்று கேட்பார்கள். இரண்டுக்கும் சிரித்துவிட்டு நகரும் தைரியத்தை வீட்டார்தான் கொடுக்க முடியும்.

2025-ல் எடை குறைக்கும் ஊசி மருந்துகள் இந்தியக் கடைகளுக்கு வந்தன. வேறு வழியே இல்லை என்ற நிலை இப்போது பலருக்கு இல்லை. ஊசியை நிறுத்தினால் எடை திரும்புவது உண்டு என்றாலும், கத்திக்கு முன் அதையும் டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

"இதுவரை எத்தனை ஆபரேஷன் செய்திருக்கிறீர்கள்? ஆபத்து வந்தால் தீவிர சிகிச்சை இதே கட்டிடத்தில் உண்டா? ஐந்தாண்டு கழித்தும் என்னைக் கவனிப்பீர்களா?" இந்த மூன்று கேள்விகளுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லும் டாக்டரைத் தேட வேண்டும். "நாளைக்கே வந்து படுத்துக்கொள்ளுங்கள்" என்பவரிடம், "யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வருவதே மேல்.