சுயபராமரிப்பின் எழுவாய்

‘சிறு விவசாயிகளின் சுயபராமரிப்பு’ என்ற தொடர் கருத்தரங்குகளில் மறுப்பின்றிப் புழங்குகிறது. அதன் இலக்கணத்தைக் கவனிக்க வேண்டும். பேணுபவரும் பேணப்படுபவரும் ஒருவரே. வேறு எழுவாய்க்கு அங்கே இடமில்லை. அரசு, வங்கி, வட்டிக்காரர், கொள்முதல் விலை யாவும் வாக்கியத்திலிருந்தே வெளியேறிவிடுகின்றன.

இது புதிதன்று. கர்நாடக விவசாயிகளின் தற்கொலைகளை ஆராய அரசு அமைத்த வீரேஷ் குழு, 2002இல் அளித்த அறிக்கையில் கடனைப் பின்னுக்குத் தள்ளிக் குடிப்பழக்கத்தையும் குடும்பச் சிக்கல்களையும் முன்னிறுத்தியது. (குழுவின் தலைவர் வேளாண் பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் என்பதைக் கல்விப்புலத்தார் மறக்கலாகாது.) குடித்தவர் ஏன் குடித்தார் என்ற வினா அட்டவணைக்குள் அடங்கவில்லை போலும். 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் நில உடைமைகளில் 86 விழுக்காடு இரண்டு ஹெக்டேருக்கு உட்பட்டவை. அத்தனை குடும்பங்களுக்கும் மனத்திடம்தான் குறையா?

ஒப்பிட்டுப் பார்க்கப் பெங்களூரின் மல்லேஸ்வரமே போதும். 1898ஆம் ஆண்டுப் பிளேக்கை அடுத்து, அகன்ற தெருக்களும் வீடுகளின் பின்னே துப்புரவுச் சந்துகளுமாக மைசூர் அரசு வளர்த்தெடுத்த குடியிருப்பு அது. நெரிசலில் நோயுற்ற நகரவாசிகளை மூச்சுப்பயிற்சி செய்யச் சொல்லி அனுப்பிவிடவில்லை. மனையும் சாக்கடையும் அமைத்துத் தந்தார்கள். இன்று அங்கே காடு மல்லேஸ்வரர் கோயிலருகே கடலைக்காய்ப் பரிஷெ கூடுகிறது. கடலை கொண்டுவரும் விவசாயியின் நலன் என்றதும் மட்டும் பேச்சு அவருடைய மனத்துக்குள் திரும்பிவிடுகிறது.

மனநல ஆலோசனை வேண்டாம் என்பதன்று வாதம். துயருற்றவருக்கு அது உயிர்காக்கும். ஆனால் பயிர்க்காப்பீட்டுத் தொகை வந்துசேராத பருவத்தில் ஆலோசகர் எதைக் குணப்படுத்துவார் என்பதற்கு, இத்தொடரை ஆய்வுத் தலைப்பாக்குவோர் முதலில் விடை சொல்லட்டும்.