காண்ட்ரா ஆடினா நான் திருடனா?

போன ஞாயித்துக்கிழமை அக்கா குடும்பத்தோட வீட்டுக்கு வந்திருந்தாங்க. சாப்பாடு முடிஞ்சு எல்லாரும் ஃபேனுக்குக் கீழ சாஞ்சுட்டாங்க. நானும் என் பொண்ணும் பழைய லேப்டாப்ல 'பேட்டில் சிட்டி' ஆடிக்கிட்டு இருந்தோம். பேர் தெரியாதவங்களுக்கு: எங்க தெருவுல அதுக்கு டாங்கி கேம்னு பேரு. செங்கல் சுவரை உடைச்சு, எதிரி டாங்கியைச் சுட்டு, கீழ இருக்கற கழுகைக் காப்பாத்தணும். என் பொண்ணு நாலாவது ஸ்டேஜ்ல எங்க கழுகையே சுட்டுத் தள்ளிட்டா.

அக்கா பையன் எட்டிப் பார்த்தான். இங்கதான் எஸ்டேட் பக்கம் ஐடி கம்பெனியில வேலை.

"எமுலேட்டரா மாமா? இது பைரசி. திருட்டு. காசு குடுத்து வாங்கி ஆடலாம்ல?"

"எங்கடா விக்கிறான்? காட்டு, வாங்கறேன்."

கொஞ்ச நேரம் போனைத் தேய்ச்சான். காட்டியே விட்டான் பாவி. நாம்கோ தன்னோட பழைய கேம்களைத் தொகுத்து 2020ல வெளியிட்டதுல, ரெண்டாவது தொகுப்புல டாங்கி கேம் இருக்கு. காண்ட்ரா கூட 2019ல கோனாமி போட்ட தொகுப்புல இருக்கு. ரெண்டும் ஸ்டீம்ல கிடைக்குது. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. சரி, தோத்தது தோத்ததுதான்னு ரெண்டையும் வாங்கிட்டேன்.

வாங்கி ஆடிப் பார்த்தப்புறம்தான் எனக்குக் கோவம் ஜாஸ்தியாச்சு. அதான் இந்தப் பதிவு.

முதல் கேள்வி. காசு குடுத்து வாங்கினேனே, அதுக்குள்ள என்ன இருக்கு? எமுலேட்டர்தான்! 1983ல ஜப்பான்ல வந்த ஃபேமிகாம் பெட்டிக்காக எழுதின கேமை இன்னிக்குக் கம்ப்யூட்டர்ல ஓட்டணும்னா, அந்தப் பெட்டி மாதிரியே நடிக்கிற ஒரு மென்பொருள் வேணும். கம்பெனி செஞ்சா 'ஆண்டுவிழாத் தொகுப்பு', நாம செஞ்சா திருட்டா? என்ன நியாயம் சார் இது?

எங்கப்பா இருபத்தஞ்சு வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் பட்டறையில இருந்தவர். வெளிநாட்டு மெஷின்ல ஒரு ஷாஃப்ட் ஒடிஞ்சிடும், இல்ல புஷ் தேஞ்சிடும். செஞ்ச கம்பெனி அந்த மாடலை என்னிக்கோ நிறுத்தியிருப்பான். ஸ்பேர் கிடையாது, டிராயிங் கிடையாது. உடைஞ்ச துண்டைத் துணியில சுத்தி எடுத்துட்டு வருவாங்க. அப்பா வெர்னியரை வச்சு அளவெடுப்பார், நோட்டுல கிறுக்குவார், கடைஞ்சு குடுப்பார். மறுநாள் மெஷின் ஓடும். எஸ்டேட்ல ஒருத்தனும் அவரைத் திருடன்னு சொன்னதில்லை. கெட்டிக்காரர்னுதான் சொன்னாங்க.

எமுலேட்டர் எழுதறவன் செய்யறதும் அதேதான். ஃபேமிகாம் பெட்டிக்குள்ள இருந்தது ரிக்கோ கம்பெனி சிப்பு. 1.79 மெகாஹெர்ட்ஸ் வேகம், வேலை செய்ய 2 கிலோபைட் நினைவகம். உள்ளே எது எப்படி நடக்குதுன்னு ஹாபி ஆளுங்களுக்கு யாரும் டிராயிங் குடுக்கலை. இதை அனுப்பினா என்ன வருது, அதை அனுப்பினா என்ன வருதுன்னு ஒவ்வொண்ணா சோதிச்சு அளந்து எழுதினாங்க. மென்பொருள்ல லேத் வேலை, அவ்வளவுதான்.

சட்டமும் இதுக்கு எதிரி இல்லை. பிளேஸ்டேஷன் எமுலேட்டர் வித்த கனெக்டிக்ஸ் மேல சோனி போட்ட வழக்குல, உள்ளே எப்படி வேலை செய்யுதுன்னு ஆராய்ஞ்சு எழுதறது நியாயமான பயன்பாடுன்னு 2000த்துல அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிடுச்சு. நம்ம 1957ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டத்துல 52ஆம் பிரிவைப் பாருங்க. சட்டப்படி கையில இருக்கற மென்பொருளை ஓட்டிப் பார்த்து, அது எப்படி வேலை செய்யுதுன்னு ஆராயலாம். சட்டப்படி வாங்கின பிரதியில இருந்து, வியாபாரம் இல்லாம சொந்த உபயோகத்துக்குப் படி எடுத்துக்கலாம். எல்லாம் எழுத்துல இருக்கு.

"அது எமுலேட்டருக்கு மாமா, ரோம் கோப்பு எங்கிருந்து வந்துச்சு?" இதுதான் பையனோட அடுத்த கேள்வி. நல்ல கேள்வி. நெட்ல இருந்து ரோம் இறக்கறது காப்புரிமை மீறல்தான், நான் ஜல்லி அடிக்கலை. இன்னிக்குக் கடையில விக்கிற கேமை வெளியாகறதுக்கு முன்னாடியே இறக்கி ஆடறவனுக்கு நான் வக்காலத்தும் வாங்கலை. 2024ல யூசு எமுலேட்டர்காரங்க நிண்டெண்டோவுக்கு 24 லட்சம் டாலர் தர ஒத்துக்கிட்டு கடையை மூடினாங்களே, அது விற்பனையில இருந்த ஸ்விட்ச் பத்தின சண்டை. நான் பேசறது செத்துப்போன பெட்டிகளைப் பத்தி.

அந்தப் பெட்டி கதையைத்தான் கொஞ்சம் கொசுவத்தி சுத்திப் பார்ப்போம். 90கள்ல அப்பா தீபாவளி போனஸ்ல ஒரு வீடியோ கேம் வாங்கிக் குடுத்தார். ரிச்சி தெருவுல வாங்கினது. கூட ஒரு மஞ்சள் கேசட், மேல '9999999 இன் 1'. கிட்டத்தட்ட ஒரு கோடி கேம்! ஆடிப் பார்த்தா முப்பது சொச்சம்தான். மிச்சமெல்லாம் அதே மாரியோ, வேற ஸ்டேஜ்ல இருந்து ஆரம்பிக்கும். அந்தப் பெட்டியும் அசல் இல்லை, ஃபேமிகாமைப் பார்த்து செஞ்ச குளோன். கேசட்டும் திருட்டு கேசட். எங்கப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவர் காசு குடுத்தார், கடைக்காரர் பொருள் குடுத்தார். தெருவுல பாதி வீட்டுல இருந்தது இதேதான்.

இப்ப சட்டம் என்ன சொல்லுதுன்னு பாருங்க. 'சட்டப்படி பெற்ற பிரதி'யில இருந்துதான் படி எடுக்கலாம். என் கேசட்டே திருட்டு. அதனால முப்பது வருஷம் பரண்ல பத்திரமா வச்சிருக்கற என் சொந்தக் கேசட்டை நானே படி எடுத்தாலும் தப்பு! ஒரு ஊர்ப் பசங்க மொத்தமும் சட்டத்துக்கு வெளியில வளர்ந்திருக்கோம். அசலை எங்க கைக்கு எட்டற விலையில, எங்க தெருவுக்குக் கொண்டு வந்து வித்தவன் எவனும் கிடையாது. அவ்வளவு ஏன், 2017ல ஸ்விட்ச் உலகம் பூரா வந்தப்பகூட நிண்டெண்டோ அதை அதிகாரபூர்வமா இந்தியாவுல வெளியிடலை. கடையே திறக்காதவன் 'என் கடையில ஏன் வாங்கலை'ன்னு கேக்கறான்.

நிற்க. கோவம் ஏன்னு சொல்றேன்னேன் இல்லையா? காசு குடுத்து வாங்கின காண்ட்ராவை ஆடினா முதல் ஸ்டேஜ்லயே செத்துச் செத்து விழறேன். வயசாயிடுச்சுன்னு நினைச்சேன். வயசு மட்டும் காரணம் இல்லை. அசல் ஜப்பான் பெட்டி செகண்டுக்கு 60 படம் காட்டும். நம்ம ஊர் டிவி பால் முறை, 50 படம். பால் டிவிக்குன்னு செஞ்ச குளோன் பெட்டிகள்ல பலதும் சிப்பு வேகத்தைக் கிட்டத்தட்ட அப்படியே வச்சுக்கிட்டு, படத்தை மட்டும் 50 ஆக்கிடும். பாட்டோட சுருதி பெருசா மாறாது, ஆனா ஆட்டம் ஆறுல ஒரு பங்கு மெதுவாயிடும். நாங்க கத்துக்கிட்ட காண்ட்ரா அந்த வேகத்து காண்ட்ரா. எந்தக் கம்பெனி தொகுப்புலயும் அது கிடையாது.

எங்க இருக்கு தெரியுமா? இலவசமா கிடைக்கிற மெசன் மாதிரி எமுலேட்டர்ல இருக்கு. 'டெண்டி'ன்னு ஒரு மோடு. டெண்டிங்கறது ரஷ்யாவுல வித்த குளோன் பெட்டி. அந்த ஊர்ப் பசங்களோட பால்யத்தையும் எந்தக் கம்பெனியும் காப்பாத்தலை, ஹாபி ஆளுங்கதான் காப்பாத்தினாங்க. அந்த மோடைப் போட்டதும் பதினோரு வயசுல ஆடின அதே வேகம். மூணு ஸ்டேஜ் தாண்டிட்டேன். அந்தப் பழைய பல ஆட்டக் கேசட்டுகள் உள்ளே எப்படி இயங்குதுன்னு ஆராய்ஞ்சு எழுதி வைக்கிறதும் இதே கூட்டம்தான். மாரியோவை கம்பெனி நூறு தடவை விக்கும். '9999999 இன் 1' கேசட்டை எவன் மறுபதிப்பு போடுவான்?

அசல் கேம்களுக்கே கதி அதுதான். அமெரிக்காவுல 2010க்கு முன்னாடி வந்த கேம்கள்ல 87 சதவீதம் இன்னிக்குக் காசு குடுத்தாலும் கடையில கிடைக்காதுன்னு 2023ல வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஆய்வு சொல்லுச்சு. அதே வருஷம் மார்ச்ல நிண்டெண்டோ 3டிஎஸ், வீ யு ரெண்டோட இணையக் கடையிலயும் விற்பனையை நிறுத்துச்சு. 1985ல வந்த மாரியோவுக்கு அமெரிக்கச் சட்டப்படி 2080 வரைக்கும் காப்புரிமை. அதுவரைக்கும் நம்ம கேசட் தாங்குமா? நம்ம முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' 1931ல வந்துச்சு. இன்னிக்கு ஒரு பிரதி இல்லை. உரிமை யார்கிட்ட இருந்து என்ன புண்ணியம்?

இன்னொரு வேடிக்கை. வீ பெட்டியில நிண்டெண்டோவே வித்த மாரியோ கோப்புல, ஹாபி எமுலேட்டர்காரங்க 90கள்ல உருவாக்கின ஐநெஸ் கோப்பு வடிவத்தோட முத்திரை இருக்குன்னு 2016ல ஃபிராங்க் சிஃபால்டி ஒரு மாநாட்டுல காட்டினார். நெட்ல இருந்து சுட்டாங்கன்னு அதை வச்சு சொல்லிட முடியாது, நான் சொல்லவும் மாட்டேன். ஆனா திருட்டுன்னு ஏசற வீட்டுக்குள்ளயே நம்மாளுங்க செஞ்ச டப்பா இருக்கு பாருங்க.

ரசிகர்கள் செய்யற வேலைக்குக் கிடைக்கிற மரியாதையும் இப்படித்தான். 'மதர் 3' 2006ல ஜப்பானிய மொழியில வந்துச்சு. ரசிகர்கள் சேர்ந்து 2008ல ஆங்கிலத்துல மொழிபெயர்த்து இலவசமா குடுத்தாங்க. பழைய 'மெட்ராய்டு 2'வை மில்டன் குவாஸ்டி பல வருஷம் உழைச்சுப் புதுசா செஞ்சு 2016 ஆகஸ்ட்ல வெளியிட்டார். உடனே நோட்டீஸ். அடுத்த வருஷம் நிண்டெண்டோ அதே கேமைத் தானே புதுசா செஞ்சு வித்துச்சு. குவாஸ்டியை வேற ஒரு ஸ்டுடியோ வேலைக்கு எடுத்துக்கிச்சு. சேகா மட்டும் புத்திசாலி. சோனிக் ரசிகர்களையே கூப்பிட்டு 2017ல 'சோனிக் மேனியா' செய்ய வச்சான். ரெண்டு வழியும் கண்ணு முன்னாடி இருக்கு.

அப்ப திருடனே இல்லையான்னு கேப்பீங்க. இருக்கான். போன மாசம் சார்ஜர் வாங்கப் போன இடத்துல ஒரு கேம் ஸ்டிக் பார்த்தேன். டிவியில சொருகிக்கலாம், பத்தாயிரம் கேம், ரெண்டாயிரம் ரூபான்னாங்க. பேரம் பேசி ஆயிரத்து எண்ணூறுக்கு வாங்கினேன். வீட்டுல மெமரி கார்டைத் திறந்து பார்த்தா உள்ளே ரெட்ரோஆர்ச், ஸ்னெஸ்9எக்ஸ். பல நாட்டு ஆளுங்க ராத்திரி கண்ணு முழிச்சு எழுதி இலவசமா குடுத்தது. ஸ்னெஸ்9எக்ஸ் உரிமத்துல வியாபாரத்துக்கு விக்கக் கூடாதுன்னே இருக்கு. எழுதினவங்க பேர் ஒரு இடத்துல இல்லை. கேம் செஞ்சவனுக்கும் காசு போகலை, எமுலேட்டர் எழுதினவனுக்கும் போகலை. பத்தாயிரம்னு எண்ணினதுலயும் பாதி ரிப்பீட்டு. அந்த மஞ்சள் கேசட் உட்டாலக்கடிதான், எச்டிஎம்ஐ மாட்டி வந்திருக்கு. திருட்டுன்னு ஒருத்தனைச் சொல்லணும்னா இவனைச் சொல்லுங்க. அதுக்குக் காசு குடுத்த என்னையும் சேர்த்துத் திட்டுங்க, வாங்கிக்கறேன்.

ஆக நான் சொல்றது இவ்வளவுதான். விக்கிறது கிடைச்சா வாங்குங்க, நான் வாங்கிட்டேன். இலவசமா குடுத்தவன் உழைப்பைக் காசாக்கறவன்கிட்ட வாங்காதீங்க. பரண்ல கேசட் கிடந்தா காயலான் கடைக்குப் போடாதீங்க. மஞ்சளோ கறுப்போ, மேல என்ன பொய் எழுதியிருந்தாலும் சரி, அதுக்குள்ள ஒரு தெருவோட சாயங்காலம் இருக்கு.

அக்கா பையன் கிளம்பும்போது சத்தமில்லாம கேட்டான்: "மாமா, அந்த டெண்டி மோடு எங்க இருக்குன்னு சொன்னீங்க?"

டிஸ்கி: முப்பது உயிர் கிடைக்கிற மேல-மேல-கீழ-கீழ வித்தையைக் கண்டுபிடிச்ச கோனாமியோட கசுஹிசா ஹஷிமோட்டோ 2020ல காலமாயிட்டார். அந்த முப்பது உயிர் இல்லாம இன்னிக்கும் என்னால காண்ட்ரா முடிக்க முடியாது. அது திருட்டுன்னு சொன்னா மட்டும் ஒத்துக்கறேன்.