பரணில் கிடக்கும் குரல்கள்

நம்மவரிடையே ஒரு வழக்கு நெடுநாளாக நடந்து வருகிறது. இசைத்தட்டும் ஒலிநாடாவும் தந்த இன்பத்தை இன்றைய கைப்பேசி தருமா என்று கேட்பது ஒரு தரப்பு. உலகத்துப் பாட்டெல்லாம் விரல் நுனியில் வந்து நிற்கும்போது பழைய பெட்டிகளைக் கட்டிக்கொண்டு அழுவானேன் என்பது மறு தரப்பு. இரு தரப்பாரும் உரக்கவே பேசுகின்றனர். இருவரும் பேசாது விட்ட ஒன்றைப் பற்றியே நாம் இங்கு எழுத முற்படுகிறோம்.

முதல் தரப்பாரின் வாதத்தைப் பார்ப்போம். இசைத்தட்டின் பள்ளம் பாடியவரின் குரலலையை அப்படியே வரைந்த கோடு என்றும், எண்முறை அந்த அலையைத் துண்டு துண்டாக வெட்டிவிடுகிறது என்றும் கூறுகின்றனர். கேட்பதற்கு நயமான வாதந்தான். ஆனால் உண்மை அதுவன்று. 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு, அலையை நொடிக்கு 44,100 முறை அளக்கிறது. மனிதச் செவி கேட்கவல்ல உச்ச ஒலி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகளே. அதைப் போல் இரு மடங்குக்கு மேல் அளந்துவிட்டால், அவ்வெல்லைக்குட்பட்ட அலையை மீண்டும் எழுப்ப முடியும் என்பது கணிதம் நிறுவிய முடிவு. நாடாவின் இரைச்சலும் தட்டின் கீறலும் பாடகர் தந்தவை அல்ல, கருவி சேர்த்தவை. அவற்றை இனிமை என்று விரும்புவதில் குற்றமில்லை. அவ்விருப்பத்தை அறிவியல் என்று சொல்லலாகாது.

மறு தரப்பாரோ, "எல்லாம் இணையத்தில் இருக்கிறது" என்கின்றனர். எது இருக்கிறது? எப்படி இருக்கிறது? நாகூர் ஈ. எம். ஹனீபாவின் (1925–2015) கணீரென்ற குரலை அறியாத தமிழ் முஸ்லிம் இல்லம் உண்டோ? அக்குரலுக்குப் பாட்டெழுதித் தந்த புலவர் ஆபிதீன், நாகூர் சலீம் போன்றோரின் பெயர்களை எத்தனை இல்லங்கள் அறியும்? கேஸட் உறையிலாவது பெயர் அச்சிட இடமிருந்தது. இன்றோ பாட்டு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பறக்கிறது. எழுதியவர் பெயர் வழியிலேயே உதிர்ந்து போகிறது. போதாக்குறைக்கு, எம்.பி.3 முறை, செவி தவறவிடும் என்று தான் கருதும் ஒலிகளைக் கழித்தே கோப்பைச் சுருக்குகிறது. சுருக்கியதையே மீண்டும் மீண்டும் சுருக்கினால் எஞ்சுவது குரலின் எலும்புக்கூடு. எண்முறையின் மீது பழி சொல்வதானால் இதைச் சொல்ல வேண்டும்.

இனி, இருவரும் மறந்த செய்திக்கு வருவோம். புதுச்சேரியை அடுத்துக் கடலோரம் அமைந்த கோட்டக்குப்பத்தையே எடுத்துக்கொள்வோம். பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்களைக் கண்ட ஊர் அது. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகம் செய்த கேஸட், எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இத்தகைய ஊர்களில் பாட்டுக்கு மட்டும் பயன்பட்டதன்று, கடிதமாகவும் பயன்பட்டது. வளைகுடாவிலிருந்து தந்தை பேசி அனுப்பிய நலச்செய்தி, கலியாண வீட்டில் பெண்கள் பாடிய பாட்டு, மவ்லூது மஜ்லிஸில் பெரியவர்கள் ஓதிய பைத்து, பாட்டியாரின் தாலாட்டு — இவற்றை எந்த நிறுவனமும் வெளியிடவில்லை. இவற்றுக்கு இரண்டாம் படியும் இல்லை. எந்த இணையத்தில் போய்த் தேடுவது?

நாடா என்பது மெல்லிய பிளாஸ்டிக் பட்டையின்மீது காந்தத் துகளைப் பசையால் பூசியது. கடலோர ஈரம் அப்பசையைக் கெடுக்கும், பூஞ்சை படரும், துகள் உதிரும். துகள் உதிர்ந்தால் குரலும் உதிர்ந்தது. பழமையைப் போற்றுகிறவர் அதைப் பரணில் போட்டு அழிக்கிறார். புதுமையைப் போற்றுகிறவர் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட்டு அழிக்கிறார். வேறுபாடு என்ன?

அண்டையில் உள்ள புதுச்சேரியைப் பாருங்கள். 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தான் திரட்டிய சைவச் சுவடிகளை எண்முறையில் படியெடுத்தது. படியெடுத்தபின் ஓலையை எறிந்துவிட்டதா? இல்லை, இரண்டையும் காக்கிறது. புதுச்சேரியின் சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஓலைக்கு உள்ள மதிப்பு நம் பாட்டியாரின் குரலுக்கு இல்லையா?

செய்ய வேண்டியது பெரிதன்று. நல்ல நிலையிலுள்ள கருவியில், நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் என்னும் உரிய வேகத்தில் நாடாவை ஓடவிட்டு, சுருக்காத வேவ் கோப்பாகப் பதிய வேண்டும். ஒரு மணி நேர நாடா, உயர்ந்த தரத்தில் பதிந்தாலும் ஏறத்தாழ 2 ஜிகாபைட்தான். இரண்டு படிகளை இரண்டு இல்லங்களில் வைக்க வேண்டும். பாடியவர் யார், எழுதியவர் யார், யாருடைய கலியாணம், எந்த ஆண்டு என்பதைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும். மூல நாடாவை எறியலாகாது. படியெடுப்பது வேறு, ஊரறியப் பரப்புவது வேறு. வீட்டுப் பெண்களின் குரலை அவர்களின் இசைவின்றி வெளியிடல் ஆகாது.

ஊர்தோறும் ஜமாஅத் உண்டு; கணினி கற்ற பிள்ளைகள் உண்டு. கலியாணப் பந்தலின் விளக்குக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பங்கு போதும். எது இனிமை என்னும் வழக்கைப் பிறகு நிதானமாக நடத்திக்கொள்ளலாம். அடுத்த மழைக்காலத்துக்கு முன் பரணில் ஏறி, அங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.