கடை வாசலில் ஆள் தேடுவோர்

மாதனூர் வட்டாரத்தில் வேலைச் செய்தி பரவுவது பெரும்பாலும் நம் மளிகைக் கடை வாசலில்தான். ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு ஆள் தேவை என்றாலும் நோட்டீசு நம் கதவில். இப்போது வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது. ஒட்டுகிறவர் யார் என்று நாம் கேட்பதில்லை. உளுந்து மூட்டை இறக்கினால் மட்டும் பில் கேட்போம்!

2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று கைப்பேசி வழியே அழைக்கப்பட்ட தமிழக இளைஞர்கள், மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பலிடம் சிக்கினார்கள். வெளிநாட்டுக்கு ஆள் எடுப்பவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான்; அதற்கும் ரசீது உண்டு. லட்சக்கணக்கில் கேட்பவரை என்னவென்று சொல்வது? வீட்டு நகை அடகுக்குப் போகிறது. பிறகு நம் கடன் நோட்டில் பாக்கி ஏறுகிறது.

கம்பெனி பெயரும் சம்பளமும், வெளிநாடு என்றால் பதிவு எண்ணும் இல்லாத நோட்டீசை ஒட்ட விடக்கூடாது. வாடிக்கையாளரின் கைப்பேசி எண்ணை அவர் சம்மதமின்றி எந்த ஏஜெண்டிடமும் தரக்கூடாது. அயல்நாடு போக விரும்புவோர் முதலில் சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரிக்கட்டும். 1978 முதல் அது இயங்கி வருகிறது.