ஒட்டகம் உறங்கும் கரை

பிரிட்டனில் குடியேறிய இந்தியரின் கவிதை என்றால் ஆங்கிலத் துறை நண்பர்கள் தல்ஜீத் நாக்ராவைச் சொல்வர். பஞ்சாபிலிருந்து சென்ற பெற்றோர்க்கு அங்கே பிறந்தவர். பஞ்சாபி கலந்த ஆங்கிலத்தைக் கவிதையில் பேசவிட்டு, 2007இல் முதல் தொகுப்புக்கான ஃபார்வர்டு பரிசைப் பெற்றவர். அதற்கு முந்தைய ஆண்டு அப்பரிசு திஷானி தோஷிக்குக் கிடைத்தது. அவர் வீடு அமைத்துக்கொண்ட கடற்கரையோ டோவர் அன்று. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, நம் செங்கல்பட்டு மாவட்டக் கரை. 2019இல் வந்த அவருடைய நாவலின் களம் பரமன்கேணி. தமிழ்த் துறைகளில் எத்தனை பேர் இதை அறிவோம்? நாமே மிகப் பிந்தித்தான் அறிந்தோம் என்பதை மறைப்பானேன்.

தோஷி 1975இல் சென்னையில் பிறந்தவர். தந்தை குஜராத்தி, தாய் வேல்ஸ் நாட்டவர். ஆக, இங்கே கடல் கடந்து குடியேறியவர் தாய். சந்திரலேகாவின் குழுவில் பல்லாண்டு ஆடிய உடல் இவருடையது. கவிதையிலும் அவ்வுடலே முன்னால் நிற்கிறது. இத்தகையோரைப் பற்றிப் பேசுவோர் 'இரு பண்பாட்டுக் கலப்பு' என்று சொல்லி நிறுத்திக்கொள்கின்றனர். நமக்கு அது போதவில்லை.

"ஆங்கிலத்தில் எழுதினால் அது நெய்தல் ஆகுமா?" என்று கேட்கும் புலவர் நண்பர்களுக்கு ஒன்றை நினைவூட்டுவோம். செய்யூர் வட்டத்து இடைக்கழிநாடு இன்று ஒரு பேரூராட்சி. சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் அந்நாட்டு நல்லூரினர். அவர் காட்டும் எயிற்பட்டினக் கரையில் அலை கொணர்ந்து ஒதுக்கிய மணமரக் கட்டைகள், உறங்கும் ஒட்டகங்கள்போல் கிடக்கின்றன. அவற்றையே விறகாக்கி நுளைமகள் தேறல் சமைக்கிறாள். எங்கிருந்தோ மிதந்து வந்த மரம். உவமைக்கு வந்ததோ பாலைவன விலங்கு! நெய்தலுக்கு இவற்றால் என்ன குறைந்துவிட்டது?

எனவே தோஷியின் கரையை அயல் என்று தள்ள இயலாது. புகழ்ந்து ஒதுக்கவும் கூடாது. 2004 ஆழிப்பேரலை குறித்து எழுதிய கவிதைக்காக 2005இல் அவர் அகில இந்தியக் கவிதைப் போட்டியில் வென்றார். மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கிப் பாறைச் சிற்பங்கள் வெளித்தெரிந்ததை எல்லாரும் வியந்துகொண்டிருந்தபோது, பிள்ளைகளைத் தேடிய தாயரைப் பார்த்த கவிதை அது. அதில் நமக்கு முழு உடன்பாடு. ஆனால் அவருடைய கடல் பல இடங்களில் வீட்டுத் தாழ்வாரத்திலிருந்து பார்த்த கடலாகவே நிற்கிறது. அதற்குள் படகு இறக்குவோரின் சொல் அரிதாகவே நுழைகிறது. இக்குறையை இலண்டன் மதிப்புரையாளர் கண்டுபிடிக்க மாட்டார். கண்டு சொல்லும் கடன் இக்கரையில் இருக்கும் நமக்கே உரியது. தமிழில் பெயர்த்துப் படிக்காமல் அதை எப்படிச் செய்வது?

முதுகலை வகுப்பில் சிறுபாணாற்றுப்படையை முடித்த கையோடு இவர் கவிதை ஒன்றைத் தமிழில் சொல்லிக் காட்டினோம். மீனவக் குப்பத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர் கேட்டார்: "ஐயா, காத்து அடிக்குதுன்னு எழுதியிருக்காங்களே, வாடையா கொண்டலா?" மூலத்தைத் திரும்பத் திறந்து பார்த்தோம். காற்று என்று மட்டுமே இருந்தது.